நைட்ரஜன் டேங்குக்கு மேலே ஓர் ஆணி

லேபுக்கு வந்து பேசுங்கள் மேடம் என்று கூப்பிட்டீர்கள். ஊரப்பாக்கத்தில் ரயிலேறி, மறைமலை நகரில் இறங்கி, அந்த ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறி இறங்க இனி என் முட்டியால் ஆகாது. அதனால் எழுதி அனுப்புகிறேன். படிக்காமலே வாட்ஸப்பில் ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்துவிடும்.

உங்களில் ஒரு பெண் போனில் கேட்டாள். ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பூ வைக்கிறார்கள், மைக்ராஸ்கோப்புக்குக்கூடச் சந்தனப் பொட்டு உண்டு, நைட்ரஜன் டேங்குக்கு மட்டும் பூச்சரத்தை மேலே சுவரில் ஆணியடித்து மாட்டுகிறார்களே, ஏன் மேடம் என்று. லேப் உதவியாளர் செல்வத்தைக் கேட்டாளாம். "மேடத்தையே கேளு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டானாம். அவன் சொல்ல மாட்டான். அன்றைக்கும் சொல்லாமல்தான் இருந்தான். அதில்தான் இந்தக் கதையே இருக்கிறது.

டேங்குக்குள் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் கேட்டால் சொல்ல உதவும் என்பதற்காக என் பாணியில் ஒரு தடவை சொல்கிறேன். ஹார்மோன் நம் உடம்பில் வேலை செய்ய வேண்டும் என்றால், அதைப் பிடித்துக்கொள்ள ஏற்பி என்று ஒன்று வேண்டும். ஆண் ஹார்மோனின் ஏற்பியை ஒரு செல்லுக்குள் வைத்து, கூடவே மின்மினிப் பூச்சியின் மரபணு ஒன்றையும் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். ஹார்மோன் வந்து ஏற்பியில் உட்கார்ந்தால் செல் வெளிச்சம் போடும். உட்காரவில்லை என்றால் இருட்டு. அந்தச் செல்களைச் சின்னக் குப்பிகளில் அடைத்து, திரவ நைட்ரஜனில் உறைய வைத்திருக்கிறோம். வேண்டும்போது ஒரு குப்பியை உருக்கி எடுத்து டெஸ்ட் போடலாம். உருக்கினால் உருக்கியதுதான், திரும்ப உறைய வைக்க முடியாது.

எஸ்தர் என்ற பெண்ணின் பவுடர் இந்தச் செல்களிடம் வந்தது.

எஸ்தர் கபடி ஆடுகிறவள். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் வழியில் வீடு. அவளுடைய தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அப்பா சாமுவேல் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் லாண்டரி பார்க்கிறார். விளையாட்டு ஒதுக்கீட்டில் எஸ்தருக்கு ஓர் அரசாங்க வேலை கிட்டத்தட்ட முடிவாகியிருந்த நேரத்தில், சிறுநீர்ப் பரிசோதனையில் ஆண் ஹார்மோன் வகை ஊக்கமருந்தின் மிச்சம் இருக்கிறது என்று வந்துவிட்டது. விளையாடத் தடை. வேலை அந்தரத்தில். 'நான் எதுவும் போடவில்லை, அப்பா வாங்கிக் கொடுத்த புரோட்டீன் பவுடரைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்கவில்லை' என்று அவள் எழுதிக் கொடுத்திருந்தாள்.

அந்தப் பவுடரை ஒரு வேதியியல் லேபில் பார்த்தார்கள். அவர்களுடைய பட்டியலில் இருந்த பெயர் எதுவும் அகப்படவில்லை. உடம்புக்குள் போனபிறகு வேறொன்றாக மாறுகிற சரக்காக இருந்தால் பட்டியலை வைத்துப் பிடிப்பது சிரமம். நம் செல்லுக்குப் பெயரெல்லாம் வேண்டாம். ஆண் ஹார்மோனின் வேலையை எது செய்தாலும் அது வெளிச்சம் போட்டுவிடும். அதனால் டப்பாவை நமக்கு அனுப்பினார்கள். அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது இரண்டு டெஸ்டுக்கு வரும், மூன்றாவதுக்கு வராது. அதே பவுடர் கடையில் இருக்கிறதா என்று கேட்டால், அப்படி ஒரு சரக்கே நான் விற்கவில்லை என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை மேல்முறையீட்டு விசாரணை.

டப்பா வந்தது ஆயுத பூஜை முடிந்த மறு வாரம். அந்தப் பூஜையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பூஜை என்றால் நான்தான் முன்னால் நிற்பேன். அதுவரைக்கும் டேங்குக்கு இத்துனூண்டு பூவைச் செல்லோடேப்பில் ஒட்டிவிடுவார்கள். லேபையே தாங்குகிற சாமானுக்கு இவ்வளவுதானா மரியாதை என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த வருஷம் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் சாமந்திச் சரம் இரண்டு முழம் வாங்கிவந்து டேங்கின் கழுத்தில் நானே சுற்றினேன். சரம் வழுக்கி வழுக்கி விழுந்தது. விழாமல் இருக்கட்டும் என்று அதன் நுனியை மூடிக்கு அடியில் செருகினேன். கற்பூரம் காட்டினோம், வாசலில் பூசணிக்காய் உடைத்தோம், பொரி தின்றோம்.

கிளம்புகிற நேரத்தில் செல்வம் வந்தான். டேங்குக்கு நைட்ரஜன் ஊற்றுவது அன்றைக்கும் இன்றைக்கும் அவன் பொறுப்புதான். "மேடம், நாலு நாள் லீவு வருது. மூடிய தொறந்து கொஞ்சம் ஊத்தி வுட்டுட்டுப் போவட்டா?" என்றான்.

"பூஜை போட்டப்புறம் எதையும் தொடக் கூடாது செல்வம். அதுவும் ஒரு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றேன். பெரிய பேச்சு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறு வாரம் எஸ்தரின் பவுடருக்கு டெஸ்ட் போட்டேன். மேல் அடுக்கிலிருந்து ஒரு குப்பியை எடுத்து உருக்கினேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்களில் முக்கால்வாசி உயிரோடுதான் இருந்தன. செல்களைப் பிரித்து விட்ட தட்டின் சில குழிகளில், ஒளிர வைக்கும் என்று தெரிந்த ஹார்மோனை விட்டேன், சில குழிகளை வெறுமனே வைத்தேன், மீதியில் பவுடர்க் கரைசல். மறுநாள் வெளிச்சத்தை அளந்தேன். தெரிந்த ஹார்மோன் விட்ட குழிகள் ஒளிர்ந்தன. விதிப்படி வேண்டிய குறைந்தபட்ச அளவுக்குச் சற்று மேலே நின்றன. பவுடர் விட்ட குழிகள் வெறுங்குழி மாதிரியே இருட்டு.

அன்றைக்கு யாரும் கூப்பிடாமலே சாமுவேலும் எஸ்தரும் பஸ் பிடித்து வந்து கீழே ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து இருக்கிறார்கள் என்று செக்யூரிட்டி சொன்னார். எட்டிப் பார்த்தேன். அந்த மனிதர் மடியில் ஒரு டிபன் பையை வைத்துக்கொண்டு, அதைத் திறக்காமல், படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்தாகாத முடிவை வாயால் சொல்லக் கூடாது என்பது நம் விதி. அந்த விதியை உங்களுக்கு வகுப்பெடுத்ததே நான்தான். ஆனாலும் இறங்கிப் போனேன். இரக்கப்பட்டுத்தான் போனேன், சத்தியமாக.

"பேப்பர் அப்புறம் வரும்ங்க. சும்மா காத்துக்கிட்டிருக்காதீங்க. பவுடர்ல ஒன்னும் தெரியல" என்றேன்.

சாமுவேலுக்கு முதலில் புரியவில்லை. "நல்லதா மேடம் அது?" என்று கேட்டார். பிறகு மெல்லப் புரிந்தது. பவுடரில் இல்லை என்றால் வேறு எங்கிருந்து வந்தது? மகள் பக்கம் திரும்பினார்.

"இன்னா எஸ்தரு. நெசத்த சொல்லு. யார்னா இன்னாத்தையாவது குட்த்தாங்களா? அப்பா திட்ட மாட்டேன்."

எஸ்தர் உயரமான பெண். முழங்காலில் ஒரு பட்டை கட்டியிருந்தாள். தடை வந்த செய்தியைக் கேட்டபோதுகூட அழவில்லை என்று பிறகு அறிந்தேன். அப்போதும் அழவில்லை. அப்பாவையே பார்த்தாள்.

"நீகூட நம்பலியாப்பா?" என்றாள்.

"அப்டி இல்லடி. மேடம் சொல்றாங்க இல்ல..."

அவள் எழுந்து வெளியே போய் வாசல் கேட் அருகில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சாமுவேல் டிபன் பையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் மேலே வந்துவிட்டேன். மூன்று வாக்கியம் பேசி ஒரு வீட்டை இரண்டாக்கிவிட்டு வந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. பாவம் அந்த அப்பா, இப்படி ஒரு பெண் என்றுதான் நினைத்தேன். அதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை. என்னை ஆரம்பத்தில் வேலைக்குப் பழக்கிய சீனியர் ஒருவர் இருந்தார். பெயர் போட்டால் சண்டைக்கு வருவார், அதனால் போடவில்லை. அவர் எப்போதும் சொல்வது இது: "பாஸ் மார்க் வாங்கிடுச்சான்னு பாக்காதே. தினம் வாங்கற மார்க் வாங்கிச்சான்னு பாரு." எப்போதும் எண்பது வாங்குகிற பிள்ளை ஒரு நாள் முப்பத்தைந்து வாங்கினால், பாஸ் என்று எந்த அம்மாவும் லட்டு கொடுக்க மாட்டாள். உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். பழைய ரிப்போர்ட்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். தெரிந்த ஹார்மோனுக்கு இதே செல்கள் வழக்கமாகப் போடுகிற வெளிச்சத்தில் அன்றைக்குப் பாதிதான் இருந்தது. பலமான ஹார்மோனுக்கே பாதி என்றால், லேசான ஒன்றை அவை கண்டுகொள்ளாமலே விட்டிருக்கலாம்.

ஆனால் ஏன் பாதி? அது விளங்கவில்லை. விதிப்படி டெஸ்ட் செல்லும். காரணம் இல்லாமல் செல்லாது என்று அடிக்க முடியாது. எனக்குப் பரிதாபமாக இருக்கிறது என்பது காரணம் ஆகாது.

அப்போது கதவருகில் செல்வம் நின்றான். கீழே நடந்ததை அவன் பார்த்திருக்கிறான்.

"மேடம், அந்தக் கையெழுத்த கொஞ்சம் நிறுத்துங்க."

"என்னடா?"

"லீவு முடிஞ்சி வந்தப்போ டேங்க் மூடி சரியா உக்காரல மேடம். பூச்சரம் நடுவுல மாட்டிகினு இருந்துச்சி. குச்சி வுட்டுப் பாத்தா நைட்ரஜன் ஆவியாப் பூட்டு அடியில கொஞ்சூண்டுதான் கீது. பேஜாராப் பூட்சி. ரொப்பிட்டேன்."

"மேல் அடுக்கு?"

"நைட்ரஜனுக்கு வெளியதான் இருந்துது. எவ்ளோ நேரம்னு தெர்ல மேடம்."

மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள் நான், உங்களுக்குத் தெரியாதா. கத்தினேன். அந்த மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "ஒரு வாரமா வாயில என்ன வச்சிருந்த? ஏன் சொல்லல? உன் வேலை போயிடும்னா? அந்தப் பொண்ணு வேலை போகுதே, அது பரவாயில்லையா?"

அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நீங்க வெச்ச பூ மேடம்."

அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மறைக்கவில்லை. ஊற்றட்டுமா என்று கேட்டவனே அவன்தான், அவன் மீது ஒரு தூசும் கிடையாது. ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கிற பொம்பளைக்கு எதற்குக் கெட்ட பெயர் என்று அந்தச் சரத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, டேங்கை ரொப்பிவிட்டுச் சும்மா இருந்திருக்கிறான். அன்பில் செய்த காரியம். அந்த அன்புதான் எஸ்தரைப் பொய்க்காரி ஆக்கப் பார்த்தது. என் இரக்கம் மட்டும் என்ன செய்தது? கீழே போய் அவள் அப்பாவிடமே அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு வந்தது.

இனி என்ன செய்வது? மேல் அடுக்குக் குப்பிகளை நம்ப முடியாது. கீழ் அடுக்கின் அடியில் இரண்டே குப்பிகள் இருந்தன. அந்த அடுக்கு எப்போதும் நைட்ரஜனுக்குள் மூழ்கிக் கிடக்கும். நாம் அவற்றை விதைநெல் மாதிரி வைத்திருந்தோம். அவற்றிலிருந்துதான் புதுச் செல்களை வளர்த்து அடுத்தடுத்த குப்பிகளை நிரப்ப வேண்டும். அவையும் போனால் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும், அதுவரைக்கும் லேபில் இந்த டெஸ்டே கிடையாது. நம் டைரக்டர் அப்போது டெல்லியில் இருந்தார். போன் போட்டு ஒன்று விடாமல் சொன்னேன், பூ உட்பட.

"டெஸ்ட் பாஸ்தானே ஆகியிருக்கு?" என்று கேட்டார்.

"ஆகியிருக்கு சார். ஆனா எனக்கு நம்பிக்கை இல்லை."

"அங்க நிக்கிறது நீங்க. முடிவு உங்களோடது. என்ன செஞ்சாலும் எழுதி வச்சிட்டுச் செய்யுங்க."

அவர் கடைசியாகச் சொன்னதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். பிள்ளைகளே, இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும். நமக்குப் பிடித்த பதில் வருகிற வரைக்கும் டெஸ்ட் போட்டுக்கொண்டே இருப்பது எளிது. இரண்டாவது டெஸ்டில் வெளிச்சம் வந்தால் முதலாவதைக் கிழித்துப்போடுவேன், வராவிட்டால் முதலாவதே சரி என்று வைத்துக்கொள்வேன் என்றால் அதற்குப் பெயர் பரிசோதனை இல்லை. அதனால் அடுத்த குப்பியைத் தொடுவதற்கு முன்னாலேயே ஒரு பக்கம் எழுதினேன். முதல் டெஸ்டின் எண்கள் முழுவதும் போட்டேன். டேங்க் மூடிக்கு அடியில் பூச்சரத்தைச் செருகியது நான், நைட்ரஜன் ஊற்ற வேண்டாம் என்று சொன்னது நான், அதனால் இந்த டெஸ்ட் செல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செல்வம் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். இனி இரண்டாவதில் இருட்டே வந்தாலும் நான் எழுதிய அந்தப் பக்கம் அப்படியே நிற்கும்.

மறுநாள் காலையில் அடி அடுக்கிலிருந்து ஒரு குப்பியையும் மேல் அடுக்கிலிருந்து ஒன்றையும் சேர்த்து உருக்கினோம். தெரிந்த ஹார்மோனை இரண்டுக்கும் விட்டேன். மீதமிருந்த பவுடர் மொத்தத்தையும் அடி அடுக்குச் செல்களுக்கு மட்டும் விட்டேன். டப்பாவை வழித்து எடுத்தபோது செல்வம் "ஏசப்பா" என்றான். அவன் முருக பக்தன். ஏண்டா என்று கேட்டதற்கு, "அவங்க சாமி மேடம், அவங்க பொண்ணு" என்றான்.

அதற்கு அடுத்த நாள் மதியம் வெளிச்சத்தை அளந்தோம். மேல் அடுக்குச் செல்கள் அதே பாதிதான் காட்டின. அடி அடுக்குச் செல்கள் வழக்கமான வெளிச்சத்தை முழுதாகக் காட்டின. பவுடர் விட்ட குழிகளின் எண்கள் திரையில் வர ஆரம்பித்தன. வெளிச்சம் இருந்தது. தெரிந்த ஹார்மோன் அளவுக்கு இல்லை, ஆனால் வெறுங்குழியோடு குழப்பிக்கொள்ள வழியே இல்லை. பவுடரோடு ஏற்பியை அடைக்கிற மருந்தையும் சேர்த்து விட்ட குழிகளில் அந்த வெளிச்சம் அணைந்திருந்தது. அப்படியென்றால் வெளிச்சம் ஏற்பி வழியாகத்தான் வந்திருக்கிறது, சந்தேகம் வேண்டாம், பவுடரில் சரக்கு இருந்தது. செல்வம் வெளியே போய்விட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். நான் பார்க்காத மாதிரி இருந்தேன், ஏனென்றால் எனக்கும் அதே கதிதான்.

இரண்டு டெஸ்டின் பக்கங்களையும் ஒரே கவரில் போட்டு, சாமுவேலை வரச் சொன்னேன். இந்த முறை கையெழுத்துப் போட்ட பிறகு. அவர் தனியாக உள்ளே வந்தார். எஸ்தரும் கூட வந்திருந்தாள், ஆனால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"அன்னிலேர்ந்து எங்கூட பேசறதில்ல மேடம்" என்றார்.

முதலில் என் தவறைச் சொன்னேன். பூவைச் சொன்னேன். அவசரப்பட்டு வாயை விட்டதைச் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டேன். பிறகு பவுடரில் மருந்து இருந்தது என்று சொன்னேன். அவருக்கு அதற்குப் பிறகு நான் பேசிய எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கவரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண்ணாடிக் கதவு வழியாக மகளின் முதுகைப் பார்த்தார்.

"நாந்தான் மேடம் வாங்கியாந்து குட்த்தேன். அப்புறம் நானே அவள சந்தேகப்பட்டேன். எந்த மூஞ்ச வெச்சுகினு போயி சொல்றது? நீங்களே வந்து அவகிட்ட சொல்லிடுங்க மேடம். படிச்சவங்க சொன்னா கேப்பா."

"என் தப்பை அந்தப் பேப்பர்ல எழுதிட்டேன் சாமுவேல். உங்க தப்பை நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

அவர் போனார். கதவு மூடியிருந்தது, என்ன பேசினார் என்று கேட்கவில்லை. கவரை நீட்டுவார் என்று பார்த்தேன். நீட்டவில்லை, அக்குளில் இடுக்கிக்கொண்டு வெறுங்கையோடு நின்று பேசினார். எஸ்தர் நெடுநேரம் திரும்பவில்லை. அப்புறம் திரும்பினாள். அவர் தோளில் தொங்கிய டிபன் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்கள்.

நம் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வேதியியல் லேப் மறுபடியும் தேடிப் பெயரைக் கண்டுபிடித்தது. அவர்கள் எடுத்து வைத்திருந்த கரைசல் மிச்சம் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஆனாலும் எஸ்தர் முழுசாகத் தப்பவில்லை. வாயில் போடுவதற்கு விளையாடுகிறவரே பொறுப்பு என்பது அவர்கள் சட்டம். தடையைக் குறைத்தார்கள், எடுக்கவில்லை. அந்த வருஷத்து வேலை வேறு யாருக்கோ போயிற்று. அவளுக்கு அது கிடைக்க இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. வேண்டுமென்றே மருந்து போட்டவள் என்ற பேச்சு மட்டும் அன்றோடு போயிற்று. விசாரணையில் என்ன கேட்டார்கள் என்று பிறகு ஒரு நாள் அவளிடம் கேட்டேன். "உங்க பூவப் பத்தித்தான் மேடம் ரொம்ப நேரம் கேட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். இப்போது நீங்கள் உருக்குகிற குப்பிகள் எல்லாம் மிச்சமிருந்த அந்த ஒரே ஒரு குப்பியிலிருந்து வளர்ந்தவை. கையில் எடுக்கும்போது கொஞ்சம் மரியாதையாக எடுங்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு டேங்குக்குப் பூவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செல்வம் கேட்கவில்லை. சுத்தியலோடு வந்து, டேங்குக்கு மேலே கை எட்டாத உயரத்தில் சுவரில் ஆணி அடித்தான். "சாமிக்கும் ஆச்சி, மூடிக்கும் ஆச்சி" என்றான்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஆணியைப் பற்றி இல்லை. உங்களுக்கும் ஒரு நாள் யாராவது ஒரு மேடம் ஆசையாகப் பூ வைப்பார். அவர் நல்லவராக இருப்பார், உங்களுக்கு அவரைப் பிடிக்கும். அன்றைக்கு டேங்கை ரொப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். ஒரு வாரம் காத்திருக்காதீர்கள். நேராகப் போய், முகத்தைப் பார்த்து, நீங்க வச்ச பூ மேடம் என்று சொல்லுங்கள். அவர் கத்துவார். கத்தட்டும்.